கூரைக்கு எந்தப் பசை

ஒரு தட்டுக்கு ஒரு 'டொக்' என்பதுதான் உலக வழக்கம். தையல்காரர் வீட்டுச் சுவரில் முந்தின நாள் ஒட்டிய தெர்மாகோல் அட்டை மட்டும் ஒரு தட்டுக்கு இரண்டு கொடுத்தது.

மறுபடி தட்டினார். டொக். கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னொரு டொக்.

பிற்பகல் இரண்டு மணி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த அந்த அறை, அடுப்பில் வைத்து மறந்த பாத்திரம் போலக் காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் அவர் மனைவி. ஏழு மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் கை, கால், பேச்சு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, கண்களை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டுப் போயிருந்தது. "இந்தச் சூட்டுல இன்னும் ஒரு வாரம் தாங்க மாட்டாங்க" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு வீடு கிடையாது. வேறு அறையும் கிடையாது. ஆகவே தெர்மாகோல்.

பசை வாங்கப் போன இடத்தில்தான் அவர் புத்தி சறுக்கியது. "சுவருக்கா, கூரைக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்."

"அப்போ தண்ணியில குழைக்கிற பவுடர் பசை. நிதானமாப் பிடிக்கும். கூரையில அது இறுகற வரைக்கும் அட்டையைத் தாங்கிப் பிடிச்சுட்டே நிக்கணும்."

"செருப்புக்கு ஒட்டுற மஞ்சள் பசை தொட்டதும் பிடிக்குமே?"

"பிடிக்கும். பிடிச்சுட்டு தெர்மாகோலைத் தின்னுடும்."

கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்து, மஞ்சள் பசையையே வாங்கி வந்து ஒரு சுவர் முழுக்க ஒட்டிவிட்டார். நெடி மூக்கைத் துளைத்தது. கட்டிலில் இருந்தவளின் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

இப்போது அட்டையின் ஓரத்தில் கத்தரிக்கோலை நுழைத்து நெம்பினார். சுமப்பதற்கென்று வந்திருந்த மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, வாயில் ஆணியோடு எட்டிப் பார்த்தான். அட்டையின் முகம் வழுவழுவென்று அப்படியே இருந்தது. முதுகைக் காணோம். பசை தின்று குடைந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்பிள்ளையின் தோளும் இடுப்பும் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு குடைவு.

"மேகத்துல யானை தெரியற மாதிரிதான் அத்தான்" என்றான் மச்சினன். "நீங்க உத்துப் பாத்தீங்கன்னா தும்பிக்கையும் தெரியும்."

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நாற்பது வருஷம் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்த மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? அளவெடுத்தார். தோள் பதின்மூன்றரை. இடுப்பு முப்பத்திரண்டு. மனைவிக்கு முன்பு முப்பத்தாறு, படுக்கையில் விழுந்த பிறகு நாலு குறைந்தது. போன மாதம் இரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவரே அவர்தான். யாரிடமும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

மச்சினன் ஓடிப்போய்ப் பவுடர் பசை வாங்கி வந்தான். இது தின்னாத பசை. கடைக்காரர் இந்த முறை ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: இதில் சிமெண்டு இருக்கிறது, ஈரமாகக் கண்ணில் விழுந்தால் பார்வை போய்விடும்.

கட்டிலை அசைக்கக் கூடாதென்பது மருத்துவர் கட்டளை. அதனால் அவளுக்கு மேலேயே வேலை. அட்டை முழுக்கப் பசையை இழுத்து, கூரையில் அழுத்தி, குறுக்குச் சட்டம் வைத்த கம்பால் முட்டுக் கொடுத்து, ஆறு அட்டை ஏறியது. ஏழாவது அவள் முகத்துக்கு நேர் மேலே. அதை அழுத்திப் பிடித்த பிறகுதான் கம்புகள் ஆறும் தீர்ந்தது தெரிந்தது.

"அசையாம பிடிங்க, அத்தான். கீழ் வீட்டுல ஒட்டடைக் கம்பு கேட்டு வாங்கிட்டு வரேன். விட்டீங்க, நேரா அக்கா கண்ணுலதான்."

"சீக்கிரம் வா, மாப்ள. எனக்கென்ன, இங்க வேற வேலையா?"

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

முக்காலி மேல் நின்றபடி இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தாங்கிக்கொண்டிருந்தார். வியர்வை முழங்கையிலிருந்து சொட்டிச் சட்டைக்குள் இறங்கியது. தெர்மாகோல் துகள்கள் மேசை மின்விசிறிக் காற்றில் தரையில் உருண்டு, சுவரோரம் கூடி, மறுபடி கலைந்து, எலி நடப்பதைப் போல மெல்லிசாகச் சரசரத்தன. ஈரச் சிமெண்டின் வாசனைக்குள் இன்னொரு வாசனையும் கலந்து வந்தது. அவளுக்குத் தினமும் பூசும் முதுகுத் தைலம். அதுவும் மேலேயிருந்து.

அட்டை வெதுவெதுப்பானது. வெயில் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். வெயில் இறங்காமல் இருக்கத்தானே ஒட்டுகிறோம் என்றும் உடனே தோன்றியது.

பிறகு கனம்.

தெர்மாகோலுக்கு ஏது கனம்? ஊதினால் பறக்கும். இது மணிக்கட்டில் இறங்கியது, தோளில் இறங்கியது, முக்காலியின் காலைக் கிறீச்சிட வைத்தது. பசை ஈரத்தின் கனம் என்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ஏழு மாதமாகக் காலையும் மாலையும் தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்த உடம்பு. அதன் கனம் அவர் கைக்குத் தெரியாதா?

"மாப்ள!"

படியில் சத்தம் இல்லை.

அட்டை கீழ்நோக்கிப் புடைத்தது. அவர் கைகளுக்கு நடுவே முதலில் ஒரு மேடு. நெற்றி. அப்புறம் மூக்கு. தள்ளிப் பார்த்தார். மெத்தென்று அமுங்கி, மறுபடி வந்தது. கையை எடுத்தால் அவள் கண் போய்விடும். எடுக்காவிட்டால்?

குனிந்து பார்த்தார்.

போர்வை இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பாதம் இருந்த இடம். பிறகு முழங்கால். மேலே ஒட்டிய ஆறு அட்டைகளிலும் ஒவ்வொன்றாகப் புடைப்பு. மேலே ஏற ஏற, கீழே தட்டை.

இடுப்பு.

மார்பு.

கத்தினார். கை வரவில்லை. உள்ளங்கையில் அப்பியிருந்த பசை அட்டையோடு நன்றாகப் பிடித்திருந்தது.

கட்டிலில் போர்வை மடித்து வைத்தது போலச் சமதளமாகக் கிடந்தது. தலையணையில் அவள் முகம் மட்டும் மிச்சம் இருந்தது. கன்னம் உள்ளே ஒட்டியது. தாடை போயிற்று. கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே, வெள்ளை அட்டையில், இமைகள் இரண்டு மெல்லப் பிரிந்தன.