நாற்பத்து மூன்றாவது பதிவு

நேற்று அறையைப் பூட்டிவிட்டுப் போனபோது அந்த நகலில் நாற்பத்திரண்டு ஒலிப்பதிவுகள் இருந்தன. இன்று காலை நாற்பத்து மூன்று.

டோரின் மறுபடி எண்ணினாள். மருத்துவமனைக் கணினிகளுக்குள் புகுந்ததாகக் கைதாகி, இப்போது சிறையில் இருக்கும் பிளிஸ் என்ற கிழவரின் கணினியிலிருந்து எடுத்த நகல் அது. புதிதாக ஓர் எழுத்தைக்கூட அதில் ஏற்ற முடியாது. வர்ஜீனியாவில் ஜன்னலே இல்லாத அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, நீதிபதியின் உத்தரவுக்குள் வருவதை மட்டும் பிரித்துப் புலனாய்வாளர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. மற்றவை அந்தரங்கம்; திறக்கவே கூடாது.

ஒலிப்பதிவுகள் உத்தரவுக்குள் வரவில்லை. ஆனாலும் மூன்று வாரமாகத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி உயிரோடிருந்தபோது கிழவரும் அவளும் சாப்பிட்டுக்கொண்டே பேசிய பேச்சு. உப்பு, பக்கத்து வீட்டு நாய், முழங்கால் வலி. விவாகரத்தாகிப் பதினோரு வருடமாக ஒற்றையாகச் சாப்பிடுகிறவளுக்கு அது பெரிய துணை. வெட்கமாகத்தான் இருந்தது, விட முடியவில்லை.

புதியதைத் திறந்தாள். ஃபிரிட்ஜின் நீண்ட முனகல், நடுநடுவே அது தடக்கென்று உதறிக்கொள்ளும் சத்தம், தட்டில் கரண்டி உரசுவது, பிறகு ஒரு பெண்குரல்: "இன்னிக்கும் பனிதான். கார் கண்ணாடியச் சுரண்டியே கை மரத்துப்போச்சு."

அவள் குரல். நேற்று இரவு வீட்டில் சாப்பிடும்போது, காலி நாற்காலியைப் பார்த்து, வழக்கம்போலத் தனக்குத்தானே பேசியது.

கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொரு குரல், மெதுவாக; மூன்று வாரமாகக் கேட்டுப் பழகிய, பிளிஸின் மனைவியின் குரல்.

"கையுறை போட்டுக்கக் கூடாதா?"

அவள் சட்டென்று பதிவை நிறுத்தினாள். மேலாளர் கெஸ்லரிடம் போய், நகலில் ஒரு பதிவு கூடியிருக்கிறது, அதில் இருப்பது பிளிஸ் வீடே இல்லை என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும் டோரின்? தொறந்தியா?"

ஆமாம் என்றால் வேலை போகும், வழக்கும் கெடும். இல்லை என்றாள். பதிவின் பெயரை மட்டும் பார்த்துச் சொன்னதாகச் சமாளித்தாள். இனி இதைச் சொல்ல உலகத்தில் அவளுக்கு ஒருவரும் இல்லை.

போக வேறு இடமும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கெல்லாம் போட்டாள், கதவைத் தாழிட்டாள், அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தாள். யாருமில்லை. சூப்பைச் சுட வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாயைத் திறக்கக் கூடாது.

கரண்டி. ஃபிரிட்ஜ். தடக். அதுவும் நின்றது.

எதிர் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

"ஏன் டோரின், இன்னிக்கு ஒண்ணுமே பேச மாட்டேங்கற?"