கதவுக்கு வெளியே நின்றவர்கள்

லாயத்தில் குதிரைகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன. வாசல் பக்கம் ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. வாளிச் சத்தம் கேட்டாலே காலை உதைத்துக்கொண்டு குதிக்கும் செம்பட்டைக் குதிரைகூட, ஈரச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி, பிடரி சிலிர்க்க, மூச்சுவிடுவதே யாருக்காவது கேட்டுவிடுமோ என்பதுபோல் நின்றது.

"மத்தியானத்துலேருந்து இப்படித்தாங்க. தீனி வெச்சாலும் திரும்ப மாட்டேங்குது" என்றார் லாயக்காரர்.

"குதிரைக்குக்கூட என் மேல கோவமா?" என்று சிரித்தான் கோட்டைத் தலைவன்.

லாயக்காரர் சிரிக்கவில்லை. "பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு காலையில வந்துடறேங்க" என்று முணுமுணுத்தார். பதில் வருவதற்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிவிட்டார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றிலிருந்து பனி ஏறி முற்றத்தை மூடியது. அந்த ஆறுதான் எல்லை. இக்கரையில் ஒரு ராஜா, அக்கரையில் ஒரு ராஜா. நடுவில் இருக்கும் உப்புப் பாறைக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தார்கள். போன மழைக்காலத்துக்கு முன்னால் இக்கரை ஜெயித்தது. கோட்டையைக் காப்பாற்றியவன் என்று ராஜா தன் கையாலேயே இவனுக்குச் சால்வை போட்டார்.

கதவைத் திறக்காமல் காப்பாற்றியிருந்தான். மனைவியின் அண்ணன், நாள்கணக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் அக்கரையில் சண்டை போட்ட தன் ஆட்களோடு ஆற்றைக் கடந்து ஓடி வந்தான். துரத்தி வந்த குதிரைகள் இன்னும் தூரத்தில்தான் இருந்தன. "நேரம் இருக்குங்க, திறந்துடறேன்" என்று கெஞ்சினான் கதவுக்காரன். அடுத்த தலைவன் மச்சான்தான் என்று அரண்மனையில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. "வேண்டாம்" என்றான் இவன். அவ்வளவுதான். வெகுநேரம் கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. கதவுக்காரனும் அன்றைக்கே அம்பு பட்டுப் போய்ச் சேர்ந்தான். தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை.

இவன் முற்றத்தைக் கடந்தபோது ஒரு வாடை அடித்தது. நனைந்த தோல், துருப்பிடித்த இரும்பு, அதற்கும் அடியில் வேறொன்று. வெகுநாள் பட்டினி கிடந்தவன் வாயைத் திறந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. காவல்மாடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். எப்போதும் இருமிக்கொண்டே இருக்கும் காவற்காரன் இப்போது இருமவில்லை. பனிக்குள் எங்கோ இரும்பும் இரும்பும் லேசாக உரசின. இவன் நடையை எட்டிப் போட்டான்.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. அடுப்பில் ஏதோ கொதித்தது. நீண்ட மேசையின் இரண்டு பக்கமும் அவன் மனைவி தட்டுகளை வைத்துக்கொண்டே போனாள்.

"யாருக்குடி இத்தனை தட்டு?"

"வர்றவங்களுக்கு."

"யாரு வர்றாங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

அவள் திரும்பவில்லை. "அண்ணன் எப்படிச் செத்தான்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத்தனை தடவை சொல்றது? எதிரியைப் பார்த்தபடி, நெஞ்சை நிமித்திக்கிட்டு."

"அப்புறம் அம்பெல்லாம் ஏன் முதுகுல இருந்துச்சு?"

அடுப்பில் விறகு வெடித்தது.

"குழியில தள்ளி மூட அவசரப்பட்டீங்க. அதுக்கு முன்னாடியே நான் போய்ப் பார்த்துட்டேங்க. பார்த்துட்டு, மழைக்காலம் பூரா வாயை மூடிக்கிட்டு உங்களுக்குச் சோறு போட்டேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "ராஜாகிட்ட சொல்லப் போறியா?"

"சொன்னா தலையை வெட்டுவாரு. ஒரு நொடியில முடிஞ்சுடும்." கடைசித் தட்டை வைத்து, அதன் விளிம்பை முந்தானையால் துடைத்தாள். "தினமும் கோட்டைக் கதவுகிட்ட நின்னு கூப்பிட்டேன். அண்ணா, வீட்டுக்கு வான்னு. அந்தப் பக்கம் மூச்சு விடுற சத்தம் கேக்கும். உள்ளேருந்து யாராவது திறந்துவிட்டாத்தானே அவங்களால வர முடியும்? இன்னிக்கு மத்தியானம் திறந்துட்டேன்."

விளக்குச் சுடர் குனிந்தது. வாடை இப்போது வீட்டுக்குள் இருந்தது.

அவன் வாசலுக்கு ஓடினான். கதவை இழுத்தான். பூட்டவில்லை. தாழ்ப்பாளும் போடவில்லை. ஆனால் அசையவில்லை. மறுபக்கம் யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இல்லை. பலர்.

கத்தினான். லாயக்காரர் இல்லை. காவற்காரன் இல்லை.

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு முனகியது. கனமான எதுவோ உட்கார்ந்த சத்தம். இன்னொன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஈர இரும்பு மரத்தில் உரசியது. பிறகு அமைதி.

திரும்பக் கூடாது என்று நினைத்தான்.

திரும்பினான்.

பெஞ்சுகள் நிறைந்திருந்தன. சேறு காய்ந்த கவசங்கள். முதுகில் முறிந்த அம்புகள். நடுவில் மச்சான். அவன் மேசைமேல் வைத்திருந்தவை கைகள் இல்லை. மரத்தில் அறைந்து அறைந்து மணிக்கட்டுவரை தேய்ந்துபோன இரண்டு எலும்புக் கட்டைகள். அவள் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆ காட்டுண்ணா. மெதுவா... மெதுவா."

மச்சான் விழுங்கினான். விழுங்கியது கழுத்துக்குக் கீழே எங்கேயும் தங்காமல் தரையில் விழுந்தது. அவள் அடுத்த வாய் எடுத்தாள்.

"மத்தவங்க இன்னும் சாப்பிடலைங்க" என்றாள், தலை நிமிராமல்.

அவர்களுடைய தட்டுகள் காலியாக இருந்தன. முகங்கள் ஒவ்வொன்றாக இவன் பக்கம் திரும்பின. எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன.