நாடி நின்றால் ஓர் இடம்

வாசல் எந்திரத்தின் தடிக்கரம் இறங்கியது. வரிசையின் தலையில் நின்றவனுடைய தாடை உடைந்து தொங்கியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற இசக்கி பார்த்தாள். அவன் உப்புத் தரையில் விழுந்தான். பின்னால் நின்றவர்கள் அவனை மிதித்துக்கொண்டு ஓரடி முன்னேறினார்கள். கதவுக்கு மேலே ‘இடம் இல்லை’ என்று சிவப்பாக எரிந்தது.

இசக்கியின் முதுகுக்குப் பின்னால், கூடத்துக்குள், மூன்றில் ஒரு பங்கு கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

உச்சிவெயில் சங்கு ஊதிவிட்டால் வெளியில் நிற்பவனுக்கு முதலில் வேர்வை நிற்கும், பிறகு உயிர் நிற்கும். அதற்காகத்தான் உப்பளங்களுக்கு நடுவே தண்மைக்கூடங்கள். கூடத்துக்குக் கூடம் தலைவாசலில் ஓர் எண்காவலன். அந்த எந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண். ஒருவர் உள்ளே வந்தால் ஒன்று குறைக்கும், தலைவாசல் வழியே வெளியே போனால் ஒன்று கூட்டும். எண் தீர்ந்தால் கதவைச் சாத்திவிட்டு, முட்டுகிறவனை அடிக்கும். உள்ளே இருப்பது யார், நிஜமாகவே இருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

எங்கோ எண் கசிந்தது. நாளுக்கு நாள் இடம் சுருங்கியது. கசிவைப் பிடிக்கத்தான் இசக்கியை அனுப்பியிருந்தார்கள். வெளியே அந்த வரிசையில் அவள் அம்மா முத்துப்பேச்சி நின்றிருந்தாள்.

“எந்திரத்த அணைச்சுப் போடு. எண்ணு பழையபடி வந்துரும்,” என்றார் கூடத்துக் கண்காணிப்பாளர் கிருபாகரன். “போன தடவையும் அப்படித்தான செஞ்சோம்.”

“அணைச்சா கூடமே காலின்னு எண்ண ஆரம்பிக்கும். அதுக்கு உள்ள இருக்கவ்வளவு பேரையும் வெளிய தள்ளணும். இந்த வெயில்ல தள்ளுவீங்களா? தள்ளுனாலும் நாளைக்கே மறுபடி கசியும் சார்.”

“உப்பு வாருதவ மவளுக்குப் பட்டம் குடுத்தா இதான். சொன்னதச் செய்யமாட்டா, எதுத்துப் பேசுவா.”

“ஆமா, உப்பு வாருதவ மவதான். காலைல நீங்க தின்ன சோத்துல கெடந்துச்சே, அது எங்க அம்மா வாருன உப்பு. வழிய விடுங்க.”

அவர் கை ஓங்கினார். அவள் கையிலிருந்த திருப்புளியின் முனை அவர் தொண்டைக்கு நேரே எழுந்தது. ஓங்கிய கை அப்படியே தலையைச் சொறிந்துகொண்டது.

அப்போதுதான் இருவர் ஒரு பாயைச் சுமந்துகொண்டு போனார்கள். பாய்க்கு வெளியே இரண்டு கால்கள் ஆடின. தலைவாசல் பக்கம் போகாமல் கக்கூசை ஒட்டிய சின்னக் கதவைத் திறந்தார்கள்.

“அத ஏன் அந்தப் பக்கம் கொண்டுபோறாங்க?”

“பொணம் தலைவாசல் வழியா போனா கூடத்துக்கு ஆகாதுல்லா. மொத நாள்லேருந்தே பின்வாசல்தான்.”

இசக்கிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “செத்தவன் ஒருத்தன்கூட வெளிய போகல சார். எண்காவலனுக்கு எல்லாரும் இன்னும் உள்ளதான் இருக்காங்க. கட்டில் கட்டிலா பேய் படுத்துக் கெடக்கு. உசுரோட இருக்கவன் வெளிய சாகுதான்!”

“அதுக்காவ பொணத்த முன்வாசல் வழியா எடுத்தா, சனங்க என்னையல்லா மொதல்ல எடுத்துருவாங்க.”

அதுவும் உண்மைதான். கொன்றே போடுவார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை கட்டுவது வழக்கம். இசக்கி அதைப் பிடித்துக்கொண்டாள். எண்காவலனுக்குப் புதிதாக ஒரு வரி எழுதினாள்: நாடி நின்ற கணமே எண்ணில் ஒன்று கூடட்டும், உடம்பு எந்த வாசல் வழியாகப் போனாலும் சரி.

ஏற்கெனவே செத்தவர்களும் கணக்கில் சேர, எண் தாவி ஏறியது. கதவு திறந்தது. நசுங்கியும் நகத்தால் கீறிக்கொண்டும் சனம் உள்ளே கொட்டியது. அந்தக் கூட்டத்தில் மயங்கிய முத்துப்பேச்சியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தவர் தொம்மை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிறவர், நெஞ்சு முழுக்கச் சளி. அம்மாவைக் கட்டிலில் இறக்கிவிட்டு மூச்சுக்குத் திணறினார்.

“ஏட்டி இசக்கி, ஒங்கம்மா என்னா கனம் கனக்கா! சோத்தக் கொறைக்கச் சொல்லு.”

மேலிடத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எல்லாக் கூடங்களிலும் அதே வரியை எழுதிவிட்டு வா என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் கீழக்கூடத்தில் வேலையை முடித்தபோது, வெளியிலிருந்து ஒருவன் கண்ணாடியைத் தட்டி உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிடுவதைப் பார்த்தாள். தம்பி, கதவுக்கு மேலே எரிந்த எழுத்தைப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த பெண்ணைப் பார்த்தான். இசக்கி எட்டிப் பிடிப்பதற்குள் தலையணையை அவள் முகத்தில் அழுத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். ‘இடம் ஒன்று.’ கதவு திறந்தது. அண்ணன் உள்ளே வந்தான். எண்காவலன் அதில் ஒரு பிழையும் காணவில்லை.

யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லவில்லை. வாசலில் நிற்கிறவனுக்கு வேறு என்ன வேலை, எண்ணைப் பார்ப்பதைத் தவிர.

வரியை எந்தக் கூடத்திலும் எழுதலாம்; அழிக்க வேண்டுமானால் கிருபாகரன் இருக்கும் முதற்கூடத்துக் கட்டுப்பாட்டறையில்தான் முடியும். இசக்கி வண்டியை நோக்கி ஓடினாள். அவள் வெளியேறியதும் கீழக்கூடத்தில் எண் ஒழுங்காக ஒன்று கூடியது, யாரோ நுழைந்தார்கள். வழியில் வண்டியின் சக்கரம் உருகி ஒட்டிக்கொண்டது. மிச்ச தூரத்தை நடந்தாள். முதற்கூடத்தை அவள் எட்டியபோது சங்கு ஊதியது.

இடம் இல்லை.

கீழே விழுந்து கிடந்த ஒருவனை மிதித்துக்கொண்டுதான் வாசலுக்குப் போனாள்.

“சார்! தொறங்க! இத எழுதுனதே நான்தான்!”

ஒலிபெருக்கியில் கிருபாகரனின் குரல் வந்தது. “நீ எழுதுனதாலதாம்மா தொறக்க மாட்டேங்குது. எங்கைல என்ன இருக்கு? எவனாவது செத்தாத்தான் உண்டு.”

அவள் கதவை முட்டினாள். தடிக்கரம் இறங்கித் தோளெலும்பை உடைத்தது. கண்ணாடியோடு சரிந்தாள். அந்தப் பக்கம் அம்மாவின் முகம். அம்மா மகளைப் பார்த்தாள், மேலே எழுத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். அடுத்த கட்டிலில் தொம்மை வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்மா! அவரையா! யம்மா!”

தடித்த கண்ணாடி. மகள் கதறுவது மட்டும்தான் முத்துப்பேச்சிக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து உப்பு வாருகிற பலகையை இழுத்து, பாத்தியில் ஓங்குகிற மாதிரியே இரண்டு கையாலும் ஓங்கினாள். ஒரு தடவை. மறுபடியும்.

‘இடம் ஒன்று.’

தடிக்கரம் மரியாதையாக உயர்ந்து வழிவிட்டது. குளிர்காற்று இசக்கியின் முகத்தில் அடித்தது. வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கால் உள்ளே போயிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. எண் சரியாக இருந்தது. ஒன்றுகூடக் கசியவில்லை.