காலியாக இல்லாத ஃபோல்டர்கள்

அப்பாவின் அறையில் காலி ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை என்றது ஸ்கிரிப்ட்.

வீட்டுக் கேமராக்கள் அறைக்கு ஒன்றாக, மணிக்கு ஒரு ஃபோல்டர் திறக்கும். யாராவது அசைந்தால்தான் அதற்குள் காட்சி பதியும். காலியானவை ஆயிரக்கணக்கில் சேர்ந்து கணினி திணறியதால், அவற்றை மொத்தமாக நீக்க அவளே ஸ்கிரிப்ட் என்கிற அந்தச் சிறு நிரலை எழுதியிருந்தாள். முதலில் பெயர்களை மட்டும் காட்டும். பிறகு, ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லிக் காத்திருக்கும். தட்டினால்தான் நீக்கும்.

வரவேற்பறையும் சமையலறையும் வரிவரியாக ஓடி முடிந்தன. அப்பா இறந்தபின் பதினோரு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் அறையிலிருந்து எட்டாயிரம் பெயர்களாவது வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்றே ஒன்று. அது காலியானதல்ல, நீக்குவதற்காகக் கடைசி வரியில் அவளே தனியாகச் சேர்த்தது.

மதியம் அக்கா போனில் கேட்டிருந்தாள். "அப்பா கடைசியா நடந்தாரே, அதை மட்டும் பத்திரமா வைடி. எனக்குப் பார்க்கணும்." பிறகு அவளே சிரித்தாள். "நீ டீ போடறதுக்கே ஒத்திகை பார்க்கறவ. தப்பா அழிச்சிட மாட்ட."

சரிக்கா என்றாள். அந்த நடை எங்கே முடிந்தது என்று சொல்லவில்லை. விழுந்துவிடுவாரே என்று வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போன நாள் அது. கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடி. கதவருகே நின்று, மாலைவரை தட்டியிருந்தார். அக்கா அதைப் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கடைசி வரி.

ஸ்கிரிப்டில்தான் பிழை இருக்கும். உறுதிசெய்துகொள்ள, அந்த அறையைப் பூட்டியபின் வந்த முதல் ஃபோல்டரைத் திறந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஈர இரும்பு வாசம் எழ, ஃபிரிட்ஜ் முனகி அடங்கியதும் வீடே காதைத் தீட்டிக்கொண்டது போலிருந்தது.

உள்ளே நான்கு வினாடிக் காட்சி. காலிக் கட்டில். அதன் கீழே அப்பாவின் செருப்புகள்.

ஒரு மாதம் தள்ளித் திறந்தாள். செருப்புகள் கட்டிலைவிட்டு ஓர் அடி முன்னே இருந்தன.

அடுத்த மாதம் இரண்டடி. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. நடக்கிற கால்களைப் போல.

நேற்றையது. கதவை ஒட்டி.

இந்த மணிக்கான ஃபோல்டர். செருப்புகள் இல்லை. கதவு திறந்திருந்தது.

அறைச் சாவி அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

நடைவழியில் ஏதோ உராய்ந்தது. ரப்பர், தரையில். நின்றது. மறுபடி.

அழிந்துவிட வேண்டும். எல்லாம். அவள் ஒரு விசையை அறைந்தாள்.

பெயர்கள் மடமடவென்று மறைந்தன. வரவேற்பறை. சமையலறை. கடைசி வரியில் நின்றது.

'இந்தக் காட்சி இப்போது திறந்திருக்கிறது. நீக்க முடியாது.'

அவள் அதைத் திறக்கவேயில்லை.

உராய்வு நாற்காலிக்குப் பின்னால் வந்து ஓய்ந்தது. அப்பா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி. அவள் கைகளிரண்டையும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அப்பா கணினியில் ஒற்றை விரலால்தான் தட்டுவார். அழுத்திய விரலை எடுக்க மறந்துவிடுவார். ஒரே எழுத்து வரி முழுக்க ஓடும். அவளும் அக்காவும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கறுப்புத் திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

அதே எழுத்து. மறுபடி. மறுபடி. வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கியது.

விசைப்பலகையில் ஒரு விசை மட்டும் உள்ளே போயிருந்தது. மேலே வரவில்லை.