காற்று பங்க்கில் பொருத்திய உறவாடி

காலை ஆறு மணிக்கே காற்று வாங்க வரிசை கட்டிவிட்டார்கள். செவ்வாயின் நாலாம் குமிழில் இது அன்றாடம். குமிழுக்குள் இருக்கிறவரை மூச்சு விடுவது இலவசம். வெளியே சுரங்கத்துக்குப் போகிறவர்கள் மட்டும் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்காக வெளிவாசலை ஒட்டி ஒரு காற்று பங்க் இருந்தது. முதுகில் காலி உருளையோடு ஆள் வந்து நிற்பார். பங்க் ஊழியர் தோளுக்குப் பின்னால் நின்று மூடியைத் திருகி, குழாயைச் செருகி, ஒரு பகலுக்கான மூச்சை அடைத்துவிட்டு, முன்னால் வந்து மார்ப்பட்டையில் உள்ள காற்றழுத்த முள்ளைச் சரிபார்ப்பார். "நேத்து அடைச்ச காத்துல ரப்பர் வாடை அடிச்சுதே" என்று தினமும் நாலு பேராவது சொல்வார்கள். பூமியில் சாம்பாரைக் குறை சொல்லிப் பழகிய நாக்கு, இங்கே வந்து காற்றைக் குறை சொன்னது.

நாக்கோடு கைகளும் கூடவே வந்திருந்தன என்பதுதான் ரெஜினாவின் தலைவலி. அவள் அந்த பங்க்கின் மேற்பார்வையாளர். தூத்துக்குடிக்காரி. முள்ளைச் சரிபார்க்கக் குனிகிற பெண்பிள்ளைகளின் விரலைப் பிடிப்பது, இடுப்பில் இடிப்பது, "காத்து மட்டும்தான் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு ஏதோ பெரிய நகைச்சுவை சொன்னதுபோல் வரிசையைத் திரும்பிப் பார்ப்பது. குழாய் பிடிக்க வந்த பையன்களும் தப்பவில்லை. இத்தனை கோடி மைல் பறந்து வந்தும் மனுஷன் மூட்டைகட்டிக் கொண்டுவந்தது இதைத்தானா என்று ரெஜினாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்றாம் குழாயில் நின்ற சுடர்கொடிக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய ஆசையெல்லாம் தோண்டு வண்டி ஓட்டுவது. அந்த லைசென்சுக்கு வெளிவாசலில் இடைவெளி இல்லாமல் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கவேண்டும். பாதி வருடம் ஓடியிருந்தது. அதற்குள் இரண்டு புகார் கொடுத்துவிட்டாள், இரண்டும் சந்தனராஜ் மேல். அவர் சுரங்கத்தில் துளைபோடும் நாற்பது துரப்பண ஆட்களை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரர், பங்க்கின் பெரிய வாடிக்கையாளர். நரைத்த மீசையும் கூப்பிய கையுமாக வரும்போது கோயில் தர்மகர்த்தா மாதிரி இருப்பார்.

விதி என்னவென்றால், மூன்றாவது புகார் பதிவானால் 'பாதுகாப்பு இடமாற்றம்'. யாருக்கு? புகார் கொடுத்தவருக்கு. சுடர் வெளிவாசலை விட்டுக் குமிழுக்குள்ளே இருக்கும் குழாய் பராமரிப்பு அறைக்குப் போய்விடவேண்டும். லைசென்சுக்கான வருடம் முதலிலிருந்து தொடங்கும். மாடு மேய்கிறதென்று மாட்டை விட்டுவிட்டு, பயிரைப் பிடுங்கி வீட்டுக்குள் வைக்கிற புத்திசாலித்தனம் இது. ரெஜினா இதை எழுதியும் கொடுத்தாள். "கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது.

நலக்குழுக் கூட்டத்தில் மறுபடி கத்தினாள்.

"எத்தன வாட்டி சார் சொல்லுதது? பிள்ளைங்க வேலைக்கு வருதா, இல்ல இவனுவ கிட்ட இடி வாங்க வருதா?"

குழுவில் இருந்த ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள். ஏழு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "அவனுங்க எல்லாம் அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?"

நல அலுவலர் அனந்தபத்மன் மட்டும் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையாவது பிடித்தால் விடமாட்டார். செந்தூசியால் வரும் கண்கூச்சத்துக்காக இங்கே எல்லோரும் மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு கண்வில்லை அணிந்திருந்தார்கள். ஊர் நினைப்பு வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டாரின் படங்களை அதிலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். அனந்தபத்மன் ஒரு கருவியை வரவழைத்தார். குழாயருகே வரும் வாடிக்கையாளரின் கண்வில்லையில் நுழைந்து, ஊழியரின் வயதுக்குப் பொருந்தும் உறவுக்காரர் ஒருவரைத் தேடி எடுத்து, அந்த முகத்தை ஊழியரின் முகத்தின்மேல் அது போர்த்திவிடும். பார்க்கிறவனுக்கு எதிரே நிற்பது அவன் வீட்டுப் பிள்ளை. கருவிக்கு 'உறவாடி' என்று அவரே பெயர் வைத்தார்.

"இனிமே எவன் கை நீளும், சொல்லுங்க?" என்றார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு துரப்பணக்காரன் ஆறு வருடமாகப் பார்க்காத தங்கையைப் பார்த்துவிட்டுக் கேவிக்கேவி அழுதான். "அண்ணே, அழுறது இருக்கட்டும், ஆடாம நில்லுங்க, காத்து லீக் ஆவுது" என்றாள் சுடர். ரெஜினா வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அண்ணன்மார்களின் அதிகாரம் தொடங்கியது. தலையை ஏன் இப்படி விரித்துப் போட்டிருக்கிறாய், வரிசையில் நிற்பவனிடம் என்ன பல்லைக் காட்டிப் பேச்சு, ராத்திரி முறைக்கு எவன் உன்னை வரச்சொன்னான். ஒருவன் மூன்றாம் குழாய் அருகே நின்று பங்க்கே அதிரும்படி திட்டிவிட்டு, தங்கையின் சார்பில் ராஜினாமா கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சுடர் அவன் மேல் புகார் கொடுக்கலாமா என்று கேட்டாள். குழு கூடிப் பேசியது. அவன் திட்டியது அவன் தங்கையை, அதில் பங்க்குக்கு என்ன வேலை என்று தீர்மானம் போட்டது. கண்ணில் யார் தெரிந்தாரோ அவரே சம்பந்தப்பட்டவர் என்று விதியிலும் ஒரு வரி சேர்த்தார்கள். கடிதத்தை மட்டும் ஏற்கவில்லை.

இரண்டாம் வாரம் நிலைமை இன்னும் மோசம். கேலி, சிரிப்பு, கன்னத்தைத் தட்டுவது எல்லாம் திரும்பி வந்தது. இந்தமுறை உரிமையோடு வந்தது. ரெஜினா ஒருவனை மடக்கி, "யாரு முகம் தெரியுது ஒனக்கு?" என்று கேட்டாள்.

"எங்க மாமன் மவ," என்றான் அவன், துளிக்கூடக் கூச்சமில்லாமல். "மாமன் மவளைக் கேலி பண்ணாம கவர்னரையா பண்ணுவாங்க?"

ரெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கருவியைச் செய்தவர்கள் வேறு ஏதோ குமிழைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குச் சித்தப்பா மகளும் மாமன் மகளும் ஒன்று. அத்தை மகள், கொழுந்தியாள், அக்கா மகள் என்று கேலிக்கு உரிமையுள்ள முறைப்பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து அது போர்த்திக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

"சார், நீங்களும் தமிழ் ஆளுதான? முறைன்னு ஒண்ணு இருக்கது தெரியாதா?"

"கருவியில அந்த வகையே இல்ல மேடம்," என்றார் அனந்தபத்மன். ஆனாலும் சளைக்கவில்லை. ஆட்களை உட்காரவைத்து முறை பிரித்துப் புகுத்தினார். இனி தங்கை முறை, மகள் முறை இரண்டு மட்டுமே தெரியும். முறைப்பெண்கள் அத்தனை பேரும் நீக்கப்பட்டார்கள்.

அதன்பிறகு பங்க் அமைதியாகிவிட்டது. அறிவுரைத் தொல்லை இருந்தது, கைத்தொல்லை இல்லை. அப்படி ஒரு காலையில்தான் சந்தனராஜ் வந்தார். சுடர் முன்னால் வந்து முள்ளைப் பார்க்கக் குனிந்தாள். அடுத்த நொடி அவளுடைய சத்தம் கேட்டு ரெஜினா ஓடிவந்தாள். சந்தனராஜ் நிதானமாகத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளிவாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். சுடரின் மணிக்கட்டு சிவந்திருந்தது.

"என்னட்டி பண்ணினான்?"

"இடுப்பைப் பிடிச்சு இழுத்தாருக்கா. கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன். மணிக்கட்டை முறுக்கிட்டு..." சுடர் நிறுத்தினாள். அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது. "'வீட்ல வாயே தொறக்க மாட்டியே, இங்க வந்து என்ன சத்தம்?'னு கேட்டாருக்கா. எங்க வீட்டுக்கு அவரு எப்ப வந்தாரு?"

ரெஜினா சுடரைக் கையோடு இழுத்துக்கொண்டு நல அலுவலகத்துக்குப் போனாள்.

அனந்தபத்மன் கருவி பழுதாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பழைய முறைப்பெண் யாராவது தப்பி நுழைந்திருக்கவேண்டும் என்றபடி மூன்றாம் குழாயின் பதிவைத் திறந்தார். சந்தனராஜின் கண்ணில் தெரிந்த முகம் திரையில் வந்தது. ஒடிசலான ஒரு பெண். கீழே விவரம் இருந்தது. வைதேகி, வயது பத்தொன்பது, தம்பி மகள், பெற்றோர் இல்லை, வசிப்பது பெரியப்பா சந்தனராஜ் வீட்டில்.

கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. மகள் முறையைத்தான் காட்டியிருந்தது.

அனந்தபத்மன் கண்வில்லையைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு அலுவலருக்குரிய குரல் அவருக்குத் திரும்பி வந்தது.

"இதை நாம புகாரா பதிய முடியாது மேடம். புது விதிப்படி அவர் சுடரைத் தொடல. தன் வீட்டுப் பொண்ணைத்தான்... அது குடும்ப விஷயம். நாம எப்படி உள்ள போறது?"

"பொறவு யாரு சார் போவா?"

"அந்தப் பொண்ணுக்காக அவங்க வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து புகார் குடுக்கலாம்."

"அவ வீட்டுப் பெரியவரு யாரு?"

அனந்தபத்மன் திரையைப் பார்த்தார். பெரியவர் என்று அதில் இருந்தது ஒரே பெயர்தான்.

"ஒரு விதத்துல இது சுடருக்கு நல்லதுதான்," என்றார் குரலைத் தாழ்த்தி. "மூணாவது புகார் பதிவாகல. அதனால இடமாற்றமும் இல்ல. பேசாம வேலையைப் பார்த்தா லைசென்சு வந்துரும். அதை விட்டுட்டு வாடிக்கையாளர் வீட்டுப் பக்கம் யாராவது போனா, வெளிவாசல் அனுமதியே ரத்தாயிடும். நான் சொல்றது புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. ரெஜினா சுடரைப் பார்த்தாள். அவளைப் போ என்று சொல்லவும் மனமில்லை, இரு என்று சொல்லவும் மனமில்லை. அரை வருடம் இடி வாங்கிச் சேர்த்த நாட்கள் அவை. பெற்ற பிள்ளையாக இருந்தால் பேசாமல் இரு என்றுதான் சொல்லியிருப்பாள், அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சுடர் சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "எனக்கு நடந்த மூணு தடவைக்கும் நான் ஊரைக் கூட்டிக் கத்தினேன். அந்தப் பொண்ணு வாயே தொறக்கிறதில்லையாம்," என்றாள். "வாங்கக்கா. அவரு திரும்பி வர சாயங்காலம் ஆகும்."

"நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று அனந்தபத்மன் பின்னாலிருந்து கத்தினார். அதற்குள் இருவரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

நடைவழியில் ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. உறவாடி பொருத்திய நாளிலிருந்து நாலாம் குமிழ் காற்று பங்க்கில் வெளிப்பெண்களுக்குத் தொல்லை கொடுத்த நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லையாம். அடுத்த மாதம் முதல் உணவகங்களிலும் மருந்துக்கடைகளிலும் கருவியைப் பொருத்தப்போகிறார்களாம். "இனி உங்கள் எதிரே நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் உங்கள் வீட்டுப் பெண்," என்றது குரல், சந்தோஷமாக. எதிரே வந்த இரண்டு பேர் நின்று கைதட்டினார்கள். ரெஜினாவுக்கு ஒலிபெருக்கியின் கழுத்தைத் திருகிப்போடலாம் போலிருந்தது.

சந்தனராஜின் வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம் தொங்கியது, பிளாஸ்டிக்கில். ரெஜினா அழைப்புமணியை அழுத்தினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டு நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. திரையில் பார்த்த அதே முகம். திரையில் இருந்ததைவிட மெலிந்திருந்தது.

"பெரியப்பா இல்லை," என்றாள் வைதேகி. "நீங்க யாரு? எங்களுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா," என்றாள் ரெஜினா. "ஒரு உறவும் கெடையாது. நாங்க ஒனக்கு யாரோதான்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுடரின் மணிக்கட்டில் இருந்த விரல் தடங்களில் அவள் பார்வை நின்றது. அவை யாருடைய விரல்கள் என்று அவள் கேட்கவில்லை. கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வர வழிவிட்டாள்.