கண்டக்டரம்மாவுக்குக் கொடுத்த குரல்

தெருவின் கடைசியில் இருந்த பழைய மாடி வீடு அது. மத்தியான வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. கிளி வாசலில் நின்று அழைப்பு மணியைத் தேடினாள். மணி இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தட்டலாம் என்று கையைத் தூக்கும்போதே மேலேயிருந்து குரல் வந்தது.

"மேல வாங்க. படியைப் பார்த்து வாங்க, நடுவுல ஒண்ணு ஆடும்."

தூக்கிய கை அப்படியே நின்றது.

அது அவளுடைய குரல்.

கேட்கப்போவது தன் குரல்தான் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். ஆனாலும் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. கண்ணாடி தானாகப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவளைக் கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே படங்களுக்குப் பின்னணி பேசுகிறவள். திரையில் எந்த நாயகி அழுதாலும் அழுகை இவளுடையதாக இருக்கும். செயற்கைக் குரல் வந்த பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் பலருடைய குரலைக் கேட்காமலே திருடிக்கொண்டு போய் விளம்பரங்களில் போட்டார்கள். ஒருவருடைய குரலில் அவர் பார்த்தே இராத மருந்தை விற்றார்கள். கிளிக்கு அந்தக் கதி வரவில்லை. அவளைத் தேடி வந்தது நேர்மையான ஒரு சின்ன நிறுவனம். அதை நடத்திய பெண்மணி, எல்லோருக்கும் மேடம், முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். உன் குரலை எங்கே பயன்படுத்தினாலும் உன்னைக் கேட்டுத்தான் பயன்படுத்துவோம், வேண்டாம் என்று நீ சொல்லும் நாளில் அழித்துவிடுவோம் என்றார். கிளி ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் சம்மதித்தாள். நோயில் குரலைப் பறிகொடுத்தவர்களுக்கு.

முதலில் கிடைத்தது கண்டக்டரம்மாவுக்கு.

அவளே கிளியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருந்தாள். பெருத்த உடம்பு, சிரித்த முகம், கழுத்தில் ஈரத் துணி. துணிக்குப் பின்னால் தொண்டையில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே போய்வரும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மடியில் ஒரு கருவி. கட்டைவிரலால் அதில் தட்டினால் கிளியின் குரல் பேசியது. அறையில் மருந்து நெடி, அதற்கும் அடியில் பழைய தோல் பையும் சில்லறைக் காசும் கலந்த வாடை. எத்தனையோ வருஷம் பேருந்தில் அந்தப் பையைத் தோளில் மாட்டி நின்றவள். வாடை உடம்போடு ஒட்டிவிட்டிருந்தது.

அவள் புருஷன் டிப்போவில் மெக்கானிக். முன்னெல்லாம் இவள் ஒரு சத்தம் போட்டால் என்ஜினே பயந்து கிளம்பும், இப்போது சினிமாக்காரி மாதிரி கொஞ்சிக் கொஞ்சித் திட்டுகிறாள், சிரிப்புத்தான் வருகிறது என்றார். கண்டக்டரம்மா அவரை முறைத்துவிட்டுக் கருவியில் தட்டினாள். திட்டுவதற்கு இந்தக் குரலில் பலம் போதவில்லை, அடுத்த தடவை கொஞ்சம் மிளகாய் போட்டுப் பேசி அனுப்பு என்றது கிளியின் குரல். மூன்று பேரும் சிரித்தார்கள். கண்டக்டரம்மாவின் சிரிப்பு மட்டும் துளை வழியே வெறும் காற்றாக வந்தது.

கிளம்பும்போது அவள் கிளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் மெதுவாகத் தட்டினாள்.

"திருப்பிக் கேப்பீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. உங்களுக்கு எவ்வளவு நாள் வேணுமோ வெச்சுக்குங்க."

கட்டைவிரல் ஒரு எழுத்தை அழித்தது. பிறகு தட்டியது.

"எனக்கு ரொம்ப நாள் வேணும்."

கண்டக்டரம்மாவுக்கு அவ்வளவு நாள் கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். மேடம்தான் தொலைபேசியில் சொன்னார். ஒப்புக்கொண்டபடி அந்தக் கருவியிலிருந்து குரலை அழித்தாயிற்று என்றும் சொன்னார். கிளிக்கு அன்று ஒரு படம் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பேசும் அறை எப்போதும்போல இருந்தது. நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்த சுவர். சொன்ன சொல் சுவரில் பட்டுத் திரும்பி வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். கிளியை முதன்முதலில் மைக் முன்னால் நிறுத்தியவரே அவர்தான், அவள் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடும் மனிதர். திரையில் ஒரு மனைவி அழுதாள். கிளி பேசினாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

அண்ணன் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வசனத்தை ஏன் மாற்றினாய் என்று கேட்டார். மாற்றவில்லையே என்றாள். பதிவானதை அவர் திரும்பப் போட்டார். மனைவியின் அழுகை முடிந்தது. மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லாமல், அதே குரல், அழுகை துளியும் இல்லாமல் சொன்னது.

"உள்ள போங்க. உள்ள இடம் இருக்கு."

கிளிக்கு அதைச் சொன்ன ஞாபகமே இல்லை.

அசதி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். மறுபடி பேசினாள். மறுபடி அண்ணன் நிறுத்தினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. உதடு அசைந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன், நீதான் பேசினாய் என்றார்.

பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே, காற்றே புகாத அந்த அறையில், பழைய தோலின் வாடை அடித்தது.

அதன் பிறகு அது வீட்டுக்கும் வந்தது. மகள் வாண்டு ஒருநாள் அடுக்களைக்கு வந்து, ஏம்மா என்னைப் புதுசாக ராசாத்தி என்று கூப்பிட்டாய் என்று கேட்டாள். கிளி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்திருப்பாள். இன்னொரு நாள், முழங்கால் வலி உயிரை எடுக்கிறது, நாள் முழுக்க நின்றால் வலிக்காதா என்று யாரிடமோ குறைபட்டுக்கொண்டாளாம். அவள் கணவன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவன். வீட்டில் டிக்கெட் எடுக்காமல் நடமாட முடியவில்லை என்று கேலி செய்தான்.

ஒரு சாயங்காலம் கேலி நின்றது. மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளி தட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஏய்யா, கை வீங்கிப்போச்சு. விரலை மடக்க வரல. நான் எப்படிப் பேசுவேன்?"

அவன் அவள் கைகளைப் பார்த்தான். கைகள் நன்றாகத்தான் இருந்தன. கண்களைப் பார்த்தான். கிளியின் கண்கள் பயந்துபோய், தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் மேடத்தின் அலுவலகத்துக்குப் போனாள். குரலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று கேட்டாள். மேடம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அது உங்கள் உரிமை என்று சொல்லி, பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். கண்டக்டரம்மாவுக்குப் பிறகு வேறு யாருக்கும் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை என்றார். அதில் பொய் இல்லை. கிளியின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எங்க பக்கம் இனிமே ஒண்ணுமே இல்லம்மா."

"இருக்கு" என்றது கிளியின் வாய்.

மேடத்தின் கை மெல்ல விலகியது.

அங்கிருந்து நேராக அந்த மாடி வீட்டுக்குப் போனாள். மெக்கானிக் தாடி வளர்ந்து, பாதியாக இளைத்திருந்தார். கிளி வணக்கம் சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டார். குரலைக் கேட்க முடியவில்லை, மன்னித்துக்கொள் என்றார். பிறகு அவராகவே கடைசி நாட்களைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண்டக்டரம்மாவின் கை இரண்டும் ஊதிப்போய்விட்டன. கருவி நெஞ்சின் மேலேயே கிடந்தது, தட்டத்தான் விரல் மடங்கவில்லை. உதட்டை அசைத்து அசைத்து எதையோ சொன்னாள். அவர் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. அப்படியே போய்விட்டாள்.

கிளிக்கு அப்போது ஒரு நம்பிக்கை வந்தது. சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டால் போய்விடுவாள் என்று நினைத்தாள். நடப்பதை அவரிடம் சொன்னாள். எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி, உதட்டைத் தளர்த்திக்கொண்டாள்.

தெருவில் யாரோ இருமினார்கள்.

பிறகு தோல் வாடை வந்தது.

"மழை வருது, துணி எடுத்தியா?"

மெக்கானிக் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எடுத்தேன், எடுத்தேன் என்றார். என்ன சொல்ல வந்தாய் என்று அழுதுகொண்டே கேட்டார். குரல் அதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போன பாத்திரத்தைப் பற்றிப் பேசியது. டிப்போவில் எவனோ செய்த குறும்பைச் சொல்லிச் சிரித்தது. தலையணை உறை, குழாய் ஒழுகல், அவருடைய இருமல், பல வருஷத்துக்கு முன்னால் தொலைந்த ஒரு குடை. கிளி தனக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தாள். இதோ அந்த ஒரு வார்த்தை வரும், வந்ததும் முடிந்துவிடும் என்று காத்திருந்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, மங்கி, போயிற்று. அப்படி ஒரு வார்த்தையே இல்லை என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

வாயை மூடப் பார்த்தாள். தாடை அசையவில்லை.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உனக்கு என்னதான் வேணும்?"

"பேசணும்."

"எவ்வளவு நேரம்?"

"இந்த வண்டிக்குக் கடைசி ஸ்டாப்பே இல்லைய்யா."

கிளி தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொண்டாள். வலியில் தாடை விடுபட்டது. எழுந்தவளின் மணிக்கட்டை மெக்கானிக் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம்தான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. உதறிக்கொண்டு ஓடினாள்.

அன்றிலிருந்து கிளி பேசுவதை விட்டாள்.

ஒரு சொல் இல்லை. ஒரு முனகல் இல்லை. தூங்கும்போது தாடையைத் துணியால் கட்டிக்கொண்டாள். மருத்துவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். படங்கள் வேறு ஆளுக்குப் போயின. அண்ணன் சில நாள் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். கணவன் அவளுடைய ஜாடைகளைப் பழகிக்கொண்டான். வாண்டு அம்மாவிடம் எதையும் கேட்பதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள். குழந்தை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்து, அம்மாவின் இறுகிய உதடுகளைப் பார்த்து, பாதியில் விட்டுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கிளிக்கு நெஞ்சு வெடிக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை.

பட்டினி போட்டால் எதுவும் ஒருநாள் செத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தாள்.

வாடை குறைந்தது. ஒருநாள் இல்லவே இல்லை. கிளி ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். மழை ஈரம் மட்டும்தான். தொண்டைக்குள் எப்போதும் யாரோ காத்து நிற்பதுபோல இருந்த பாரமும் இறங்கியிருந்தது. அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். நாளைக்கு வாண்டுவை மடியில் போட்டுக்கொண்டு பேச வேண்டும் என்று தீர்மானித்தாள்.

அன்று சாயங்காலம் அடுக்களையில் காய் நறுக்கும் கணவனின் முதுகுக்குப் பின்னால், அவன் கவனிக்காமல் வந்து நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் வாண்டு சிரித்தாள். வெகுநாளாகக் கேட்காத சிரிப்பு. அதைத் தொடர்ந்து இன்னொரு குரல், தணிந்து, வாத்சல்யமாக, ஏதோ கதை சொல்லிக்கொண்டு போயிற்று.

கணவன் கத்தியை வைத்தான். முகம் மலர்ந்தது. "அப்பாடா, பேச ஆரம்பிச்சுட்டியா" என்று உள்ளறையைப் பார்த்துச் சொன்னான்.

சொல்லிவிட்டுத் திரும்பினான்.

கிளி அவனுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

அவன் முகம் வெளிறுவதை அவள் பார்த்தாள். உள்ளே கதை தொடர்ந்தது. ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அவளுடையவை. நாயகிகளுக்காக அழுததும், வாண்டுவைத் தூங்கவைத்ததும் அந்தக் குரல்தான்.

கிளி மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

மறுபடி முயன்றாள். வெறும் காற்று.

உள்ளறையில் கதை ஒரு கணம் நின்றது, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல.

"அந்தக் கதவைச் சாத்துடா கண்ணு. நாம நிம்மதியாப் பேசலாம்."

"சரிம்மா" என்றாள் வாண்டு.

சின்னக் காலடிகள் கேட்டன. கதவு உள்ளேயிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.