கட்டிலில் இன்னொரு மூச்சு

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் சித்திரையில் சுப்புராஜ் தன் மனைவி கஸ்தூரியைப் பாளையம்பட்டியில் ஒரு பழைய வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் அவள் இரண்டு தடவை தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு காய்ச்சல் வந்து போய் இரண்டு வருஷமாகிறது. அன்று போன தெம்பு திரும்பவே இல்லை. தலை வாரினால்கூட அன்றைக்கு முழுக்கப் படுக்க வேண்டும். மதுரையில் ஒரு பெரிய டாக்டர் சோதித்துப் பார்த்து, ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டராம்! தூ என்றிருந்தது அவளுக்கு.

கூட வந்த சுப்புராஜின் அக்கா முத்துலட்சுமி பின்கட்டு அறையைக் காட்டினாள். சுவரோரம் யாரோ விட்டுப் போன கட்டில் கிடந்தது.

"மகாராணி போய்ப் படுங்க. எங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

பகலெல்லாம் தெருவில் விசைத்தறிகள் கடகடத்தன. மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனது. தறிகள் ஒருசேர நின்றன. அறைக்குள் ஈரப் பஞ்சின் வாடை எழுந்தது. அப்போதுதான் கேட்டது. மலையேறி வந்தவள் விடுவதுபோல, இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

தன்னுடையதுதான் என்று நினைத்து கஸ்தூரி மூச்சை அடக்கினாள்.

அது அடங்கவில்லை.

"மதினி, இந்தக் கட்டில்ல வேற யாரோ இருக்காக."

முத்துலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். "சீக்குன்னு சொல்லிப் பாத்த, எடுபடல. இப்பப் பேயாக்கும்? தள்ளு, நான் படுத்துக் காட்டுறேன்."

கஸ்தூரி சுவரைப் பிடித்து எழுந்து வழிவிட்டாள். முத்துலட்சுமி காலை நீட்டிப் படுத்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"கஸ்தூரி... கையத் தூக்க முடியலடி."

கண்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடின.

"என்னடி இது?"

"இதத்தான் மதினி ரெண்டு வருஷமாச் சொல்றேன்."

கஸ்தூரிக்கு இரக்கம் வரவில்லை. நிற்கத் தெம்பிருந்தவரை நின்று பார்த்தாள். பிறகுதான் புருஷனைக் கூப்பிட்டாள்.

அவன் அக்காவைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனதும் கைகால் அசைந்தது. சாயங்கால பஸ்ஸுக்கே அவள் தன் ஊரான மல்லாங்கிணறு போய்விட்டாள்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடித்து சுப்புராஜ் அறைக்குள் வந்தான்.

"அக்காவுக்கு வெயில் மயக்கம். நீ வேற கதை கட்டாத. உனக்கும் ஒண்ணுமில்ல, படுத்துப் படுத்தே ஒடம்பக் கெடுத்துக்கிட்ட."

கொட்டாவி விட்டபடி, அவள் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

தெருவில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவிலும், கஸ்தூரியின் காதோரம் வெதுவெதுப்பாக, ஒரு பெண்குரல் மூச்சு வாங்கியபடி கேட்டது:

"இவுகளுமா நம்பல?"